உட்கார ஒரு ஸ்டூல்... அதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது!

கல்யாணப் பட்டு எடுக்கப் போகிற குடும்பத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடைக்குள் நுழைந்ததும் பாட்டிக்கு ஒரு நாற்காலி வரும். அம்மாவுக்கும் அத்தைக்கும் இன்னும் இரண்டு. குழந்தைக்கு பலூன், பெரியவர்களுக்குக் காபி. மாம்பழ நிறம் வேண்டும் என்று தொடங்கி, அரக்குக்கு மாறி, கடைசியில் முதலில் பார்த்த அதே புடவையையே எடுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும்.

அந்த மூன்று மணி நேரமும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் வருவதற்கு முன்பும் நின்றார். நீங்கள் பில் போட்டுக் கிளம்பிய பிறகு, பிரித்துப்போட்ட புடவைகளை மடித்து அடுக்குவதற்காகவும் நின்றார். காலை ஒன்பதரைக்கு வந்தவர் இரவு கடை மூடும்வரை உட்கார்ந்தது அநேகமாகச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான்.

‘வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால், பல கடைகளில் எழுதாத விதி அது: ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. கவுன்டரில் கை ஊன்றக் கூடாது. ஃப்ளோர் சூப்பர்வைசர் பார்க்காவிட்டாலும் கேமரா பார்க்கும். உள்ளே வரும் வாடிக்கையாளர் ஊழியர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ‘மரியாதை இல்லை’ என்று நினைப்பார் என்பது முதலாளிகள் சொல்லும் காரணம்.

இத்தனைக்கும் நம் ஊர் ஜவுளிக்கடைகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய பட்டுக் கடைகளில் தரையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை இருக்கும், சாய்ந்துகொள்ளத் திண்டு இருக்கும். வாங்க வந்தவரும் உட்கார்ந்திருப்பார், விற்பவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை வீசிப் பிரிப்பார். அதில் யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிக் கவுன்டரும், மாடி மாடியாக உயர்ந்த கடையும், எஸ்கலேட்டரும் வந்தபோதுதான் விற்பவர் எழுந்து நின்றார். பிறகு அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மறுபடி உட்காரச் சொன்னது ஒரு சட்டம். அந்தச் சட்டத்தின் கதை தொடங்கியது கோழிக்கோட்டில், ஒரு தெருவில்.

மிட்டாய்த் தெருவும் தண்ணீர் குடிக்காத பெண்களும்

கோழிக்கோட்டுக்குப் போனவர்கள் மிட்டாய்த் தெருவைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். அல்வாக் கடைகளுக்குப் பேர்போன தெரு. எஸ்.கே. பொற்றேக்காட் இந்தத் தெருவை வைத்துத்தான் ‘ஒரு தெருவின் கதை’ நாவலை எழுதினார். அல்வா, சிப்ஸ், துணி, செருப்பு, ஃபேன்சி என்று நெருக்கியடித்த கடைகள். அந்தக் கடைகளில் வேலை பார்ப்பவர்களில் ஏராளமானோர் பெண்கள்.

அந்தத் தெருவில் தையல் தொழிலாளியாக இருந்தவர் விஜி. சுற்றியிருந்த கடைப் பெண்களோடு பேசப் பேச, அவருக்கு முதலில் தெரியவந்தது உட்காரும் பிரச்னை அல்ல, அதைவிட அடிப்படையான ஒன்று. கடைகள் இருந்த பல கட்டடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. அவசரம் என்றால் பக்கத்து ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும். அங்கே சும்மா நுழைய முடியாது, ஒரு டீயாவது வாங்க வேண்டும். நாள் கூலியில் அதற்கும் ஒரு செலவு. போய்வரும் நேரத்துக்கு முதலாளியிடம் பதிலும் சொல்ல வேண்டும்.

பெண்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் வீட்டில் குடித்ததோடு சரி, அப்புறம் இரவு வீடு திரும்பித்தான். இதன் விளைவு என்னவென்று எந்த மகளிர் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். மாதவிலக்கு நாள்களில் நிலைமை இன்னும் மோசம்.

விஜியும் தோழிகளும் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்குப் பெயர் ‘பெண்கூட்டு’. 2009-10 காலகட்டம் அது. பெரிய கட்சியின் கொடி இல்லை, அலுவலகம் இல்லை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு ஓடும் பெண்களைப் பிடித்து, நடந்துகொண்டே பேசித்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. எட்டரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும் என்கிற பெண்களிடம், ‘கூட்டத்துக்கு வாங்க’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தெரியும்.

கழிப்பறைக்கான போராட்டம் கோழிக்கோட்டில் பேசுபொருளானது. பொது இடத்தில் பெண்கள் வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்பட்ட ஒரு விஷயம், மனுவாகவும் முழக்கமாகவும் மாறியது. அதில் கிடைத்த தைரியத்தில்தான் அடுத்த கேள்வி எழுந்தது: ‘நாள் முழுக்க நாங்கள் ஏன் நிற்க வேண்டும்?’

சங்கம் ஏன் வரவில்லை?

கேரளாவில் தொழிற்சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்குவதற்கும் சங்கம் உள்ள மாநிலம் அது. அப்படிப்பட்ட ஊரில் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு மட்டும் ஏன் யாரும் வரவில்லை என்பது நியாயமான கேள்வி.

சங்கம் கட்ட வசதியான இடம் ஆலை. ஒரே கூரைக்குக் கீழே ஆயிரம் பேர், ஒரே வாசல், ஒரே ஷிஃப்ட். கடை அப்படி அல்ல. இங்கே இரண்டு பேர், அங்கே ஐந்து பேர் என்று சிதறிக் கிடப்பார்கள். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவார்கள் என்ற எண்ணம் முதலாளிகளிடம் மட்டுமல்ல, சங்கத் தலைவர்களிடமும் இருந்தது. சங்கத் தலைமையில் ஆண்களே நிறைந்திருந்தபோது கழிப்பறையும் நாற்காலியும் கோரிக்கைப் பட்டியலில் மேலே வருமா என்ன? கூலி, போனஸ், பி.எஃப் என்று எழுதி முடித்ததும் காகிதம் தீர்ந்துவிடும்.

அதனால் பெண்கள் தாங்களே அமைப்புசாராத் துறைத் தொழிலாளர்களுக்கான சங்கம் ஒன்றையும் உருவாக்கினார்கள். இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926-ல் வந்தது. அதன்படி சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்க ஏழு பேர் இருந்தால் போதும் என்றிருந்தது. 2001-ல் அதைத் திருத்தி, அந்த நிறுவனத்திலோ துறையிலோ வேலை செய்பவர்களில் 10 சதவிகிதம் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்றார்கள். கடைக்கு நாலு பேர் வீதம் சிதறிக் கிடப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கையைத் தொடுவதற்கே எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்!

2014 டிசம்பர் இறுதியில் போராட்டம் திருச்சூருக்குப் போனது. அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சங்கத்தில் சேர்ந்த பெண்களைத் தொலைதூரக் கிளைகளுக்கு மாற்றினார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றல் என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தப் பெண்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மலையாளத்தில் ‘இரிக்கல் சமரம்’, நம் வழக்கில் உட்காரும் போராட்டம். உள்ளே உட்கார விடாதவர்கள் முன்னால், வெளியே நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். நூறு நாள்களைக் கடந்தது அது. மாநிலத்தின் பெரிய ஊடகங்கள் ஆரம்பத்தில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் தருபவர்கள் யார் என்று யோசித்தால் காரணம் புரியும். செய்தியைப் பரப்பியது ஃபேஸ்புக்.

அந்தப் போராட்டம் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் கேரள அமைச்சரவை கடைகள் சட்டத்தைத் திருத்த முடிவெடுத்தது. அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம். மீறினால் அபராதம், அதையும் பழைய தொகையிலிருந்து பல மடங்கு உயர்த்தினார்கள். அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட ‘100 பெண்கள்’ பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவர், நின்று வேலை செய்பவர்களுக்காக வாங்கிக் கொடுத்த சட்டம் அது.

கால் கடுக்கிறது என்றால் என்ன?

நிற்பதில் அப்படி என்ன கெடுதல்? வயலில் நாற்று நடும் பெண்ணும் கஷ்டப்படுகிறாரே என்று சிலர் கேட்பார்கள். நடப்பதும் நிற்பதும் ஒன்றல்ல. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. அது ஒரு பம்ப் மாதிரி. ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்ப் சரியாக வேலை செய்வதில்லை. ரத்தம் கால் நரம்புகளில் தேங்குகிறது. நாளடைவில் ரத்தக்குழாயின் வால்வுகள் தளர்ந்து, நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொள்கிறது. ‘வெரிகோஸ் வெயின்’ என்று டாக்டர் சொல்வது இதைத்தான். பாதம் வீங்கும், முதுகும் இடுப்பும் வலிக்கும், குதிகால் தரையில் வைக்க முடியாது. கர்ப்பிணிகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் வந்து ‘கால் கடுக்குதும்மா’ என்றால் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்வார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு அது போதும். பத்து வருடம் கழித்து அதே கால் உப்புத் தண்ணீருக்குக் கட்டுப்படாது.

இதைக் கண்டுபிடிக்க இருபத்தோராம் நூற்றாண்டு வரை காத்திருக்கவும் இல்லை. இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டார்கள். மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்பது விதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964-ல் நிறைவேற்றிய உடன்படிக்கை, கடைகளிலும் அலுவலகங்களிலும் போதிய இருக்கை தர வேண்டும் என்றது. அதோடு, அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்றது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கேஷியர்களுக்கு இருக்கை தராத வழக்கில் 2018-ல் வால்மார்ட் 6.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தில், நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டிய தொழிலாளிக்கு இடையில் ஓய்வெடுக்க இருக்கை வசதி தர வேண்டும் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1947-ல் வந்தது நம்முடைய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதில் எட்டு மணி நேர வேலை இருந்தது, வார விடுமுறை இருந்தது, நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை இருந்தது. ஸ்டூல் இல்லை. ஆலையில் புடவை நெய்த தொழிலாளிக்குக் கிடைத்த உரிமை, அதே புடவையைக் கடையில் விற்றவருக்குக் கிடைக்க இன்னும் 73 ஆண்டுகள் ஆயின.

ரங்கநாதன் தெருவுக்கு வந்த சட்டம்

2021 செப்டம்பர் 6. தமிழகச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு சிறிய திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 2019-ல், மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இது பேசப்பட்டு எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. கேரளாவுக்கு அடுத்து இப்படிச் சட்டம் கொண்டுவந்த இரண்டாவது மாநிலம் தமிழ்நாடு. 22-அ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

‘எல்லா ஊழியருக்கும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு மட்டுமல்ல. வாசலில் கும்பிடு போட்டு நிற்கும் காவலாளிக்கும், லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் பையனுக்கும், பில் கவுன்டரில் இருப்பவருக்கும் உண்டு. ஜவுளிக்கடை என்றும் இல்லை. நகைக்கடை, பாத்திரக்கடை, செல்போன் கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாமே இதில் வரும்.

‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்ற இடத்தில்தான் சிக்கல். வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? ஃப்ளோரில் நிற்கும் சூப்பர்வைசர்தான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்கள் என்று எடுத்துக்கொண்டால் வருடத்தில் பாதி நாள் கூட்டம்தான். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியத்தில், ‘அந்த ரேக்கை ஒழுங்கா அடுக்கு’ என்று சொல்லிவிட்டால் வாய்ப்பு முடிந்தது. இன்னொரு பக்கம், 2019-லிருந்தே பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்திருக்கிறது.

சென்னை தி.நகரில் வேலை செய்யும் பெண்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வசந்தபாலன் இயக்கத்தில் 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கை ஓரளவு தெரிந்திருக்கும். ஊரிலிருந்து தெரிந்தவர் மூலமாக வருவார்கள். தங்குவதும் சாப்பிடுவதும் கடை ஏற்பாட்டில். காலையில் மொத்தமாகக் கூட்டிப்போய், இரவில் மொத்தமாகக் கொண்டுவந்து விடுவார்கள். ஊரில் வேலை வாங்கிக் கொடுத்த அண்ணனிடமும் சித்தப்பாவிடமும் ‘உன் பொண்ணு சட்டம் பேசுது’ என்று ஒரு வார்த்தை போனால் போதும். ஊர்ப்பாசம் வேலை வாங்கித் தரும்போது எவ்வளவு பெரிய உதவியோ, வாயைத் திறக்க நினைக்கும்போது அவ்வளவு பெரிய பூட்டு.

கோழிக்கோட்டுப் பெண்கள் இரவில் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அதனால் பஸ் நிறுத்தம்வரை நடக்கும் அந்தப் பத்து நிமிடம் அவர்களுடையதாக இருந்தது. பெண்கூட்டு அந்தப் பத்து நிமிடத்தில்தான் வளர்ந்தது. விடுதியில் தங்கி வேலை செய்பவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம்கூட முதலாளியின் நேரம்.

அதனால்தான் சட்டம் வந்த பிறகும் காட்சி கடைக்குக் கடை மாறுகிறது. சில கடைகளில் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் வந்துவிட்டது, பெண்கள் இயல்பாக உட்கார்ந்து எழுகிறார்கள். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் ரவிக்கைத் துணிக் கட்டும் அட்டைப்பெட்டியும் இருக்கின்றன. இன்னும் சில கடைகளில் அதிகாரி வரும் நாளில் மட்டும் அது வெளியே வருமாம்.

சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியது தொழிலாளர் துறை. புகாரை மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால், ஆறு பேர் வேலை செய்யும் தளத்திலிருந்து ஒரு புகார் போனால், எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முதலாளிக்கு அரை நாள் போதும். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டால் கதை வேறு.

‘உட்கார்ந்தால் வாடிக்கையாளர் தப்பாக நினைப்பார்’ என்று இத்தனை காலமும் சொல்லிவந்தார்களே, அந்த வாடிக்கையாளரை யாராவது கேட்டிருக்கிறார்களா? அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, மாம்பழ நிறத்துக்கும் அரக்குக்கும் நடுவே, ‘நீயும் உட்காரேம்மா, உட்கார்ந்துக்கிட்டே காட்டு’ என்று பாட்டி ஒருவர் சொன்னால், அந்தப் பெண் முதலில் திரும்பிப் பார்ப்பது சூப்பர்வைசர் நிற்கும் பக்கமாகத்தான் இருக்கும்.